கோழிச் சட்டை போட்ட புத்தகம்

டப்ளின்
14 நவம்பர் 1954

அன்புள்ள அண்ணனுக்கு,

டிம்ப்னா எழுதுவது. இருமல் என்னை விட்டுவிட்டது, மழைதான் விடவில்லை. நீ சுகமா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? பசுக்கள், நாய், கூரை எல்லாம் பத்திரம்தானே?

நம் பிரைடிக் கோழி மறுபடியும் பஸ் ஏறிவிட்டாள். புதுப் புத்தகம் கடைக்கு வந்துவிட்டது. இந்த முறை தன் முட்டையைத் தானே விற்கச் சந்தைக்குப் போகிறவள், பேராயர் பக்கத்தில் இடம் பிடித்து உட்காருகிறாள். மீதியைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உனக்குச் சொல்வார்கள். நீதான் என் புத்தகம் எதையும் திறந்து பார்த்ததில்லையே.

போன சனிக்கிழமை ஒரு கடையில் என்னை உட்காரவைத்துப் புத்தகங்களில் கையெழுத்து வாங்கினார்கள். பெரிய தொப்பி வைத்த ஓர் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெரியவங்களுக்கும் ஏதாச்சும் எழுதுவீங்களா, இல்ல கோழி மட்டுந்தானா?" என்றாள். சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன் என்று சொன்னால் நம்புவாயா? பத்து வருஷமாகக் கோழி எழுதுகிறேன் அண்ணா. அதனால் உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். பெரியவர்களுக்கான நாவல் ஒன்றை முடித்து லண்டனுக்கு அனுப்பியிருக்கிறேன். எடுத்துக்கொண்டுவிட்டார்கள். உன் கடிதங்களை மேசையில் பரப்பிவைத்துக்கொண்டுதான் எழுதினேன். நம் ஊர்ச் சேறும் பேச்சும் எனக்கு மறந்துபோய்விடக் கூடாது அல்லவா?

ஃபினோலா டீச்சர் எப்படி இருக்கிறாள்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீங்கள் இருவரும் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசுவது இன்னும் நடக்கிறதா? அந்த நீலக் கையுறையை இன்னும் போடுகிறாளா? ஒரு கட்டைவிரல் மட்டும் பெரிதாகப் போய்விட்டது என்று எழுதியிருந்தாயே. எத்தனை வருஷம்தான் மழையைப் பற்றிப் பேசுவீர்கள்?

அம்மாவுக்கு என் முத்தம்.

உன் தங்கை
டிம்ப்னா

*

கிளூனாரா, மேற்குக் கிளேர்
9 டிசம்பர் 1954

அன்புள்ள தங்கை டிம்ப்னாவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால்தான் வலிக்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

கோழிப் புத்தகம் வந்தது. கட்டைப் பிரித்தேன், கோழிப் படம் தெரிந்தது, அவ்வளவுதான் பார்த்தேன். வழக்கம்போல அன்று சாயங்காலமே சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய், "இந்தா, கோழி வந்திருச்சு" என்று ஃபினோலா கையில் கொடுத்துவிட்டேன். புதன்கிழமை கணக்குப் பாடம் முடிந்ததும் அவள் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டுவாள். பேராயர் மடியில் கோழி முட்டையிடும் இடத்தில் மரினன் வீட்டுச் சின்னவள் சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து விழுந்தாளாம். பிள்ளைகள் உனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். எழுத்துப் பிழையைத் திருத்தாமல் அனுப்புவதாக ஃபினோலா சொன்னாள். உனக்கு அப்படித்தான் பிடிக்குமாம்.

வருகிற ஏப்ரலில் வீட்டுப் பூசை நம் முறை. பங்குச் சாமியார் நம் சமையலறை மேசையில் பூசை வைப்பார், சுற்றுவட்டாரமே வந்து நிற்கும். ஆகவே வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன். மேற்கு அறைக்கும் பூச்சு வேலை நடக்கிறது. சுண்ணாம்பில் மாட்டு மயிர் கலந்து பூசுகிறேன். பூசை வருவதால், ஏன் பூசுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

அம்மா மட்டும் கேட்டாள். "உங்கப்பாவோட அம்மா, நா இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த அன்னிக்கே அந்த ரூமுக்குப் போனா. பொணமாத்தான் வெளிய வந்தா. என்னையும் அங்க தள்ளலாம்னு பாக்கறியா? இந்த அடுப்படில ரெண்டு பொம்பளைக்கு எடம் இல்லடா" என்றாள். நான் பூசிக்கொண்டே இருந்தேன்.

உன் பெரிய புத்தகம் நல்லபடியாக வரட்டும். கோழியை விட்டுவிடாதே.

அன்புடன்
கோல்மன்

*

டப்ளின்
20 பிப்ரவரி 1955

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? நான் நலம் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாக ஆகும். துள்ளிக்கொண்டிருக்கிறேன்.

நாவல் லண்டனில் வெளிவந்துவிட்டது. பெயர் "காயாத சுவர்". அங்கே இரண்டு பத்திரிகையில் நல்லபடியாக எழுதிவிட்டார்கள். இங்கே நம் நாட்டில் அதைவிட வேகம், வந்த சூட்டோடு தடை போட்டுவிட்டார்கள். ஒரு முத்தம்கூட இல்லாத புத்தகத்துக்குத் தடை! தடை போட்டவர்கள் கடைசிப் பக்கம் வரை முத்தத்துக்காகக் காத்திருந்து ஏமாந்துபோயிருப்பார்கள். ஆனால் பள்ளிக்கூடங்கள் இன்னும் என்னைக் கதை சொல்லக் கூப்பிடுகின்றன. கோழி எழுதுகிற டிம்ப்னா டால்டி ஒருத்தி, இவள் வேறு ஒருத்தி என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ.

தடை ஒரு வகையில் எனக்கு நிம்மதிதான். நம் ஊர்ப்பக்கம் யார் கண்ணிலும் படாது. சேற்றையும் பேச்சையும் கொஞ்சம் தாராளமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் உனக்கு ஒரு பிரதி வேண்டும். வழி கண்டுபிடிக்கிறேன்.

மேற்கு அறை இன்னும் ஈரம்தானா? நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா பூசினார். பிறகு நீ பூசுகிறாய். கடல் மழை முழுவதையும் வாங்கிக்கொள்கிற அந்தச் சுவர் எந்தக் காலத்தில் காயப்போகிறது? என்னைக் கேட்டால் நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஃபினோலாவோடு பேசப் போகலாம். மழையைப் பற்றித்தான்!

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புத் தங்கை
டிம்ப்னா

*

கிளூனாரா
3 மார்ச் 1955

அன்புள்ள டிம்ப்னா,

நீ துள்ளுவது அறிந்து சந்தோஷம். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. கறுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது.

சுவர் காய்ந்துவிட்டது. வெளிப்பக்கம் முழுவதும் கற்பலகை அடித்தேன். இப்போது எவ்வளவு மழை அடித்தாலும் உள்ளே கை வைத்துப் பார்த்தால் ஈரம் இல்லை. ஒரு சன்னலும் போட்டேன். கில்ரஷ் ஊர் ஏலத்தில் ஒரு கட்டில் எடுத்தேன். வாசல் கதவுக்குப் பச்சை பெயிண்ட் வாங்கி வைத்திருக்கிறேன். அம்மா, "எந்தக் காலத்துலயும் சிவப்புக் கதவு இருந்த வீடு இது. பச்ச யார் கேட்டா?" என்கிறாள்.

ஏப்ரல் 19 பூசைக்கு நீ கட்டாயம் வர வேண்டும். வெறும் பூசைக்காகச் சொல்லவில்லை. காரணத்தைக் காகிதத்தில் எழுத மாட்டேன். தபாலாபீஸ் மரினன் அம்மாள் வீட்டுக் கெட்டிலில் எப்போதும் ஆவி பறக்கிறது, அந்த ஆவிக்கு எந்த உறையின் பசையும் நிற்பதில்லை. நீ நேரில் வா. சாமியார் காலை உணவுக்கு முட்டையை உடைக்கிற நேரத்தில் அவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. அப்போது நீ பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

பிரைடி அடுத்து எப்போது பஸ் ஏறுவாள் என்று ஃபினோலா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்
கோல்மன்

*

டப்ளின்
24 மார்ச் 1955

அன்புள்ள அண்ணா,

நீயும் அம்மாவும் புதுக் கன்றும் சுகம் என்று நம்புகிறேன். சந்தைக்கு வந்திருந்த நம் பக்கத்து மாட்டு வியாபாரி பேட்ஸி ஹாக் ஊர் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஆகவே கெட்டில் பயம் இல்லாமல் எழுதலாம்.

திங்கட்கிழமை உனக்கு ஒரு பார்சல் அனுப்பினேன். இதற்குள் வந்திருக்கும். தடை இல்லாத பெல்ஃபாஸ்டுக்குப் போய் என் நாவலில் ஆறு பிரதிகளைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு ரயிலில் வந்தேன். கர்ப்பிணி என்று நினைத்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்! மரினன் அம்மாள் எந்தப் பார்சலின் நூலையும் அவிழ்க்காமல் விட மாட்டாள் என்பதால் உன் பிரதிக்கு ஒரு வேஷம் போட்டேன். கோடையில் வரப்போகும் கோழிப் புத்தகத்துக்கு மேலுறை அச்சாகி மாதிரிக்கு வந்திருந்தது. அந்தச் சட்டையை இதற்கு மாட்டிவிட்டேன். ஆகவே வெளியே கோழி, உள்ளே "காயாத சுவர்". ஏமாந்துவிடாதே.

மெத்தைக்கு அடியில் வைத்துப் படி. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். ஃபினோலாவுக்கும் காட்டாதே, டீச்சர் வேலைக்கு ஆபத்து. இன்னொன்று, அதில் வருகிற ஆள் நீ இல்லை. அவன் கோழை. நீ வெறும் சோம்பேறி.

பூசைக்கு வர முடியாது அண்ணா, மன்னித்துக்கொள். அதே வாரம் லண்டன் வானொலியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கோழியைப் பற்றிக் கேட்காமல் கூப்பிடுகிறார்கள். சாமியாரிடம் நீ என்ன பேசினாலும் அது அடுத்த முறையும் காத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் குறும்புக்காரத் தங்கை
டிம்ப்னா

*

கிளூனாரா
24 ஏப்ரல் 1955

அன்புள்ள டிம்ப்னா,

அனைவரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

பூசை நடந்தது. மழை இல்லை. எல்லோரும் வந்தார்கள். சிலர் டீ குடிக்காமல் போய்விட்டார்கள். சாமியார் இரண்டு முட்டை சாப்பிட்டார், வீடு நன்றாக இருக்கிறது என்று சொன்னார். கதவுக்குப் பச்சை அடித்தாயிற்று.

பார்சல் போன மாதமே, நீ அனுப்பின மறுநாள் செவ்வாய்க்கிழமை வந்தது. பேட்ஸி குடித்துவிட்டு இரண்டு நாள் வழியில் எனிஸில் தங்கிவிட்டான். உன் கடிதம் அந்த வாரம் சனிக்கிழமைதான் கைக்கு வந்தது.

புத்தகம் இப்போது என்னிடம் இல்லை.

நீ வராமல் இருந்ததும் நல்லதுதான்.

கோல்மன்

*

டப்ளின்
22 மே 1955

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் பார்த்ததும் உனக்குக் காய்ச்சலோ என்று பயந்துவிட்டேன். தந்தி கூட இதைவிட நீளமாக இருக்கும். நான் பூசைக்கு வரவில்லை என்று கோபமா? கோபம் என்றால் நன்றாகத் திட்டி எழுது. உடம்பு சரியில்லை என்றால் அதையாவது சொல்.

புத்தகம் உன்னிடம் இல்லையா? யாரோ சுட்டுவிட்டார்கள், அப்படித்தானே? கேட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தேன். எந்தப் புண்ணியவான் மெத்தைக்கு அடியில் இப்போது அது இருக்கிறதோ! நீ படித்து முடித்தாயா? லண்டனில் எல்லோரும் புகழ்கிறார்கள், ஆனால் உன் ஒரு வார்த்தை எனக்கு வேண்டும். நாயகன் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசுகிற இடம்தான் சிறந்தது என்று வானொலிக்காரர் சொன்னார். அது உன் கடிதத்திலிருந்து அப்படியே எடுத்தது. அவள் கையுறையும் அப்படித்தான். ஃபினோலாவுக்குத் தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவாள்.

அவளைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லையே. பிள்ளைகளின் கடிதக் கட்டும் ஈஸ்டருக்கு வரவில்லை. வருஷம் தவறாமல் வரும். அவளுக்கு உடம்பு சரியில்லையா?

உடனே பதில் போடு.

டிம்ப்னா

*

கிளூனாரா
17 ஜூலை 1955

அன்புள்ள டிம்ப்னா,

தாமதத்துக்கு மன்னிக்கவும். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அடுப்புக்கு எரிமண் வெட்டி உலர்த்துவது, புல் அறுப்பது என்று வேலை விடவில்லை. புல் முழுவதும் நனையாமல் வீடு வந்து சேர்ந்தது. இந்த மாதிரிக் கோடை இங்கே யாரும் பார்த்ததில்லை.

அம்மா கொஞ்சம் அமைதியாக இருக்கிறாள்.

பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியார் வந்திருக்கிறார். லிமெரிக் ஊர்க்காரர். பிள்ளைகளுக்குக் கதை படிப்பதில்லையாம். நேரம் வீண் என்கிறாராம்.

மேற்கு அறையில் உருளைக்கிழங்கு போட்டு வைத்திருக்கிறேன். ஈரம் இல்லாததால் கெடாது.

அன்புடன்
கோல்மன்

*

டப்ளின்
30 ஆகஸ்ட் 1955

அண்ணா,

நலம் விசாரிக்கக் கூட மனம் நிற்கவில்லை. புது வாத்தியார் என்றால் பழைய டீச்சர் எங்கே? கிழங்கைப் பற்றி எழுதத் தெரிந்த உனக்கு அதை எழுத முடியவில்லையா?

ஜூலையில் வந்த உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பிறகு உன் பழைய கடிதங்களையும் எடுத்தேன். சன்னல், கட்டில், சாமியாரிடம் ஒரு வார்த்தை. மேற்கு அறை யாருக்கு அண்ணா? நீ அம்மாவை அங்கே அனுப்பிவிட்டு அடுப்படியை யாருக்கு ஒழித்துக்கொடுக்க இருந்தாய்? நான் நினைப்பது தப்பு என்று ஒரு வரி எழுது, போதும்.

ஃபினோலாவின் அக்கா பாஸ்டனில் இருப்பது ஞாபகம் வந்தது. அந்த விலாசத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

டிம்ப்னா

*

பாஸ்டன்
20 அக்டோபர் 1955

அன்புள்ள மிஸ் டால்டி,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். நீங்களும் உங்கள் தாயாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

ஏன் ஊரை விட்டேன் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாது என்பதை முதலில் நம்ப முடியவில்லை. பிறகு உங்கள் கடிதத்தை மறுபடியும் படித்தேன். ஒருவேளை தெரியாதோ என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

மார்ச்சில் ஒரு சாயங்காலம் கோல்மன் சைக்கிளில் வந்து உங்கள் புத்தகத்தைக் கொடுத்தான். முகம் முழுக்கச் சிரிப்பு, கையெல்லாம் சுண்ணாம்பு. "இந்தா, கோழி வந்திருச்சு. நீயே படிச்சுக்கோ, எனக்கு வேலை கெடக்கு" என்றான். மறுநாள் புதன்கிழமை. கணக்கு முடிந்தது, பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் தலைப்பைக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் கோழி எப்போதும் முதல் பக்கத்தின் அடியில்தான் வருவாள் என்று எனக்குத் தெரியும், அதனால் நேரே கதையைப் படிக்க ஆரம்பித்தேன். ஓர் ஆள் தன் வீட்டு மேற்கு அறைச் சுவரைப் பூசிக்கொண்டிருக்கிறான், வருஷா வருஷம் பூசுகிறான், அது காய்வதில்லை. கோழி இதோ வந்துவிடுவாள் என்று நான் படித்துக்கொண்டே போனேன்.

மரினன் வீட்டுச் சின்னவள்தான் எழுந்தாள். "டீச்சர், இது நம்ம கோல்மன் டால்டிதானே?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பக்கத்தைத் திருப்பினேன். பாலத்துச் சுவர் வந்தது. கட்டைவிரல் பெரிதாகப் போன நீலக் கையுறை வந்தது. அது என் மேசை மேல் கிடந்தது மிஸ் டால்டி. ஒரு பையன் அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "அந்தப் பொம்பள கடைசி வரைக்கும் உக்காந்தே இருப்பாளா டீச்சர்?" என்று கேட்டான். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு முழுவதையும் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதிலேயே சிறந்தது அதுதான், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. படித்து முடித்த பிறகு தலைப்பைப் பார்த்தேன்.

பிப்ரவரி முதல் தேதிக்கு முந்தின நாள் கோல்மன் என்னிடம் ஒன்று சொன்னான். நான் ஒரு பதில் சொன்னேன். அது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும், இன்னொரு புத்தகத்தில் வர வேண்டாம். ஆனால் அன்று அவன் சொன்னதற்கு நேர்மாறானது உங்கள் தலைப்பு. அவன் வாயால் எதையும் நேராகச் சொல்லும் ஆள் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். கொடுத்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவனுக்கு வாய் வரவில்லை, அதனால் தங்கை எழுதிய புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டான் என்று புரிந்துகொண்டேன். அவனிடம் ஏன் கேட்கவில்லை என்கிறீர்களா? நம் ஊரில் யார் யாரிடம் கேட்டார்கள்? உங்கள் வீட்டுப் பூசைக்கு வந்து கடைசி வரிசையில் மண்டியிட்டேன். அவன் ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டான். கிளம்பும் முன் புத்தகத்தை உங்கள் வீட்டுச் சன்னலில் வைத்துவிட்டேன்.

நவம்பர் கடைசியில், திருவருகைக் காலம் தொடங்கும் முன் எனக்குத் திருமணம். அவர் பெயர் டிலேனி. மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். இரண்டு பெண் குழந்தைகள். ராத்திரியில் அவர்களுக்குப் பிரைடிக் கதைதான் படிக்கிறேன். அவர்களுக்கு அந்தப் பஸ் மிகவும் பிடித்திருக்கிறது.

தொடர்ந்து எழுதுங்கள்.

தங்கள்
ஃபினோலா

*

டப்ளின்
9 நவம்பர் 1955

அன்புள்ள அண்ணா,

உடம்பு எப்படி என்று கேட்கத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். நீ நலமா?

ஃபினோலாவின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். படி. புத்தகத்தைப் படித்து அவள் மனசு மாறிவிட்டது என்று நினைத்துத்தானே நீ பூசையன்று தலையைக் குனிந்துகொண்டாய்? அவள் மாறவில்லை. நீதான் மாறிவிட்டாய் என்று அவள் நினைத்தாள். கோழிச் சட்டையை மாட்டி அனுப்பியது நான். நீ வழக்கம்போலத் திறக்காமல் அவளிடம் கொண்டுபோவாய் என்று எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் நீயே எழுதியிருக்கிறாய். மரினன் அம்மாளை ஏமாற்றுகிற சந்தோஷத்தில் அது எனக்கு ஞாபகமே வரவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. நீ சுவர் காய்ந்துவிட்டது என்று எழுதினாய். சன்னல் போட்டேன் என்று எழுதினாய். பூசைக்கு வா, தைரியமாக இருக்கும் என்று எழுதினாய். உன்னால் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. நான் வானொலியில் பேசப் போனேன். உன் கடிதங்களை வைத்து ஒரு நாவலே எழுதினவள், உன் ஒரு கடிதத்தைக்கூடச் சரியாகப் படிக்கவில்லை. இவன் எந்தக் காலத்திலும் கேட்க மாட்டான் என்று நானே முடிவு செய்து, கதையையும் அப்படியே முடித்துவிட்டேன்.

இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது அண்ணா. அவளுக்கு எழுது. விமானத் தபாலில் போடு. நானும் எழுதியிருக்கிறேன், ஆனால் என் எழுத்தை அவள் எதற்கு நம்ப வேண்டும்? நீ எழுது. இந்த ஒரு முறை நேராக எழுது. உன் காலில் விழுகிறேன்.

டிம்ப்னா

*

கிளூனாரா
8 ஜனவரி 1956

அன்புள்ள டிம்ப்னா,

புது வருஷம் உனக்கு நல்லபடியாக அமையட்டும். இங்கே எனக்குச் சளி, மற்றபடி நலம். அம்மாவும் நலம். அவள் மேற்கு அறைக்குப் போய்விட்டாள். நான் சொல்லவில்லை. ஒரு நாள் காலை கிழங்கை எல்லாம் வெளியே அள்ளிப் போட்டுவிட்டு, தன் போர்வையையும் மாதா படத்தையும் எடுத்துக்கொண்டு தானாகவே போனாள். "எனக்கு அடுப்படி வேணாம்டா. யாருக்குக் குடுக்கணுமோ குடு" என்றாள். பச்சைக் கதவு யாருக்கு என்று அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. இப்போது நான்தான் சமைக்கிறேன், அவள் அறைக்குள்ளிருந்தே குறை சொல்கிறாள்.

உன் கடிதம் வந்த பிறகு புத்தகத்தைப் படித்தேன். அதுவரைக்கும் சன்னலிலேயே கிடந்தது. நன்றாகத்தான் இருக்கிறது. பசுவுக்குப் பிரசவம் பார்க்கிற இடத்தில் சிரித்துவிட்டேன். கோபம் எல்லாம் இல்லை. நீ கேட்டதால்தான் நான் அவளைப் பற்றி எழுதினேன், எழுதும்போது எனக்கும் சந்தோஷமாக இருந்தது. வேறு யாரிடம் சொல்லியிருப்பேன்?

ஒரு தப்பு மட்டும் இருக்கிறது. உன் ஆள் கடைசி வரைக்கும் கேட்பதில்லை. நான் கேட்டேன்.

போன வருஷம் ஜனவரி கடைசி ராத்திரி, விடிந்தால் புனித பிரிஜிட் திருநாள், அவள் ஆசீர்வதிக்கட்டும் என்று ஃபினோலா தன் வீட்டு வேலியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். நான் சைக்கிளை நிறுத்தினேன். "சுவர் காஞ்சிருச்சு" என்றேன். அவள் துணியைச் சரிசெய்தாள். பிறகு, "அப்ப கதவுக்குப் பச்ச அடி. செவப்பு எனக்குப் பிடிக்காது" என்றாள். அவ்வளவுதான். வீடு வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன், ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

நீ சொன்னபடி உடனே எழுதவில்லை. அந்த மனிதருக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள், ராத்திரியில் கதை கேட்கிறார்கள். அதைக் கெடுக்க நான் யார்? கல்யாணம் முடிந்திருக்கும் என்று நிச்சயமான பிறகு ஒரே ஒரு வரி எழுதிப் போட்டேன். அவள் தப்பாக நினைத்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்றுதான். "சுவர் காய்ந்துதான் இருக்கிறது, அன்றிலிருந்து ஒரு நாளும் ஈரமானதில்லை" என்று எழுதினேன்.

நேற்றுக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஒன்று தாமதமாக வந்து சேர்ந்தது. பின்பக்கம் அவள் கையெழுத்து. "தெரிந்துகொண்டேன். அங்கே கடல் காற்று அதிகம், பச்சை சீக்கிரம் வெளுக்கும். வருஷத்துக்கு ஒரு முறை கதவுக்கு மறுபூச்சு அடிக்கவும். திருமதி ஃபினோலா டிலேனி."

மரினன் வீட்டுச் சின்னவள் கோழிப் புத்தகம் கேட்டு இங்கேயே வருகிறாள். புதுசு இருந்தால் அனுப்பு, நானே படித்துக்காட்டுகிறேன். மேலுறை வேண்டாம், கழற்றிவிட்டு அனுப்பு.

பெயிண்ட் டப்பாவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஒரு நாள் மழை விட்டால் அடித்துவிடுவேன்.

உன் அண்ணன்
கோல்மன்